ஒரு லிட்டர் எத்தனை கிலோ?

"சார், நாற்பது ரூபாய் லாபம்!"

பக்கத்து வீட்டுப் பையன் ஒரு மாலை நேரத்தில் கைப்பேசியும் கையுமாக எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றான். அவன் பத்தாம் வகுப்பு மாணவன். ராஜகீழ்ப்பாக்கத்தில் எங்கள் தெருவுக்குச் சற்றுத் தள்ளி ஒரு செக்கு எண்ணெய்க் கடை உண்டு. நல்லெண்ணெய் 380 ரூபாய் என்று அன்று அங்கே பலகையில் எழுதியிருந்தது. கைப்பேசியில் ஓர் இணைய அங்காடியோ 340 ரூபாய் என்று காட்டியது. மாதக் கடைசியில் மளிகைக் கணக்கைச் சரிக்கட்ட அவனுடைய அம்மா படும் பாட்டை அவன் அறிவான். அதனால்தான் அத்தனை மகிழ்ச்சி. போதாக்குறைக்கு, பாட்டி நெடுநாளாகக் கேட்டுக்கொண்டிருந்த உடன்குடிக் கருப்பட்டியும் அதே அங்காடியில் கிடைக்கிறதாம். அக்கம்பக்கத்துக் கடைகளில் தேடி அலுத்துப்போன பொருள் அது.

"340 ரூபாய் எவ்வளவு எண்ணெய்க்கு?" என்று கேட்டேன்.

திரையை மறுபடியும் பார்த்தான். "ஒரு லிட்டருக்கு, சார்."

"கடையில்?"

"ஒரு கிலோவுக்கு." சற்று நேரம் பேசாமல் நின்றான். பிறகு, "இரண்டும் ஒன்றுதானே, சார்?" என்றான்.

மாணவ நண்பர்களே, இந்தக் கேள்வியைப் பெரியவர்களிலும் பலர் கேட்பதுண்டு. இணையத்தில் வாங்குவது மலிவா, அண்ணாச்சி கடையில் வாங்குவது மலிவா என்று வீடுதோறும் பேச்சு நடக்கிறது. அதற்கு விடை காண நீங்கள் பள்ளியில் படிக்கும் அடர்த்தி, வெப்ப விரிவு, உள்ளுறை வெப்பம் ஆகியவையே போதும். எப்படி என்று பார்ப்போம்.

தண்ணீர் கற்றுக்கொடுத்த தவறு

ஒரு லிட்டர் தண்ணீரின் எடை ஒரு கிலோ. (இயற்பியலில் நிறை என்று சொல்வதைத்தான் கடைத்தெருவில் எடை என்கிறோம். இந்தக் கட்டுரையில் கடைத்தெரு வழக்கையே பின்பற்றுகிறேன்.) தண்ணீரோடு பழகிய பழக்கத்தில் எல்லாத் திரவங்களும் அப்படியே இருக்கும் என்று நினைத்துவிடுகிறோம். ஆனால் எண்ணெய் தண்ணீரில் மிதப்பதை நாள்தோறும் பார்க்கிறோம் அல்லவா? மிதக்கிறது என்றாலே அதன் அடர்த்தி குறைவு என்றுதான் பொருள். நல்லெண்ணெயின் அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 0.92 கிராம். ஆகவே ஒரு லிட்டர் நல்லெண்ணெய் 920 கிராம்தான் இருக்கும்.

இனிக் கணக்குப் போடுவோம். 920 கிராமுக்கு 340 ரூபாய். 340ஐ 0.92ஆல் வகுத்தால் கிலோவுக்கு ஏறத்தாழ 369 ரூபாய் 60 காசு வருகிறது. பையன் கண்ட நாற்பது ரூபாய் லாபம் பத்து ரூபாய் நாற்பது காசாகச் சுருங்கிவிட்டது. கடைக்காரரும் ஏமாற்றவில்லை, இணைய அங்காடியும் ஏமாற்றவில்லை. இரண்டு வெவ்வேறு அலகுகளில் இருந்த எண்களை அப்படியே ஒப்பிட்டது நம்முடைய தவறு. மீட்டரையும் அடியையும் நேராகக் கழிக்க முடியுமா?

எண்ணெய் சூடானால்

இதில் இன்னொரு நுட்பமும் உண்டு. எண்ணெய் சூடாகும்போது விரிகிறது. விரிந்தால் அதே ஒரு லிட்டருக்குள் அடங்கும் எடை குறையும். நம் நாட்டில் சில நிறுவனங்கள் உறையின் மேல் ஒரு லிட்டர் என்று போட்டு, பக்கத்தில் 60 பாகை செல்சியஸ் போன்ற உயர்ந்த வெப்பநிலையைக் குறித்து வந்தன. 2022 ஆகஸ்டு மாதம் ஒன்றிய அரசின் நுகர்வோர் நலத்துறை இதைக் கவனித்து ஓர் அறிவுரை வெளியிட்டது. எண்ணெயின் பருமனை வெப்பநிலை குறிப்பிடாமல் அச்சிட வேண்டும், கூடவே எடையையும் அச்சிட வேண்டும் என்பது அந்த அறிவுரை. உறைகளை மாற்றிக்கொள்ள 2023 ஜனவரி 15 வரை காலம் கொடுக்கப்பட்டது.

அத்துறை காட்டிய எடுத்துக்காட்டு இது: ஒரு லிட்டர் சோயா எண்ணெய் 21 பாகையில் 919 கிராம் இருக்கும், 60 பாகையில் 892.6 கிராம்தான் இருக்கும். வேறுபாடு 26.4 கிராம். 919ஐ 892.6ஆல் வகுத்தால் 1.0296 கிடைக்கும். அதாவது 39 பாகை உயரும்போது பருமன் ஏறத்தாழ 3 விழுக்காடு பெருகுகிறது. ஒரு பாகைக்கு 0.00076 என்று கொள்ளலாம். சாதாரண அறை வெப்பநிலையில் தண்ணீர் விரிவதைப் போல இது மூன்று மடங்குக்கும் மேல். பாடநூலில் பரும விரிவு என்று நாம் படித்தது சமையலறை எண்ணெய் உறையில் வந்து உட்கார்ந்திருக்கிறது, பார்த்தீர்களா?

இதிலிருந்து ஒன்று தெளிவாகும். பருமன் வெப்பநிலையோடு மாறும்; எடை மாறாது. விலைகளை ஒப்பிட எடையே நம்பிக்கையான துணை.

கொண்டுவந்து தரும் கூலி

பையன் விடவில்லை. "பத்து ரூபாயானாலும் லாபம்தானே, சார்?" என்றான். பணம் கட்டும் பக்கம் வரை போய்ப் பார்க்கச் சொன்னேன். அங்கே வீட்டில் சேர்க்கும் கட்டணமாக 30 ரூபாய் கூடியிருந்தது. இப்போது ஒரு லிட்டருக்கு 370 ரூபாய். கிலோவுக்கு 402 ரூபாய்!

ஆனால் இந்த 30 ரூபாய் ஒரு முறைக்குத்தான். ஒரு லிட்டர் வாங்கினாலும் அதே 30, நான்கு லிட்டர் வாங்கினாலும் அதே 30. மூன்று லிட்டர் வாங்கினால் கிலோ விலை 380 ரூபாய் 40 காசு. கடை விலையோடு ஏறக்குறைய சமம். நான்கு லிட்டர் வாங்கினால் 377 ரூபாய் 70 காசு. பத்து லிட்டருக்கு 372 ரூபாய் 80 காசு. லிட்டர்களைக் கிடை அச்சிலும் கிலோ விலையை நிலை அச்சிலும் குறித்து ஒரு வரைபடம் வரைந்து பாருங்கள். வளைகோடு முதலில் செங்குத்தாக இறங்கிப் பிறகு படுத்துக்கொள்ளும். எத்தனை லிட்டர் வாங்கினாலும் 369 ரூபாய் 60 காசைத் தொடாது. அதை நெருங்கிக்கொண்டே போகும்.

அப்படியானால் பத்து லிட்டர் வாங்கிவிடலாமா? எண்ணெய் நாள்பட்டால் காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து காறல் வாடை அடிக்கும். நல்லெண்ணெயில் சீசமால் என்னும் இயற்கைப் பொருள் இருப்பதால் அது மற்ற எண்ணெய்களைவிட நெடுநாள் தாங்கும் என்பது உண்மையே. ஆனாலும் மாதம் ஒரு லிட்டர் செலவாகும் வீட்டில் பத்து லிட்டர் வாங்குவது, கணக்கில் மிச்சம் பிடித்துப் பாத்திரத்தில் தோற்பதாகும்.

கடைக்குப் போவதிலும் ஒரு கட்டணம் மறைந்திருக்கிறது. ராஜகீழ்ப்பாக்கத்திலிருந்து தாம்பரம் சந்தைப் பக்கம் ஸ்கூட்டரில் போய்வர 10 கிலோமீட்டர் ஆகிறது என்று கொள்வோம். லிட்டருக்கு 50 கிலோமீட்டர் ஓடும் வண்டியில் 200 மில்லிலிட்டர் பெட்ரோல் செலவாகும். பெட்ரோல் விலையை லிட்டருக்கு 100 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் 20 ரூபாய். சந்தையில் 15 ரூபாய் மலிவு என்று வண்டியை எடுப்பவர் 5 ரூபாய் நட்டத்தோடு வீடு திரும்புகிறார். நடந்து போகும் தூரத்திலுள்ள கடைக்கு மட்டும் இந்தக் கட்டணம் இல்லை.

முதலில் ஒரு விலையைக் காட்டிவிட்டு, கடைசிப் பக்கத்தில் சொல்லாத கட்டணங்களைச் சேர்ப்பது சில இணைய அங்காடிகளின் வழக்கம். 2023 நவம்பரில் ஒன்றிய அரசு வெளியிட்ட வழிகாட்டு நெறிகள் இத்தகைய 13 தந்திரங்களைப் பட்டியலிட்டுத் தடை செய்தன. இதுவும் அவற்றுள் ஒன்று. புகார் சொல்ல நினைப்பவர்கள் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணை அழைக்கலாம்.

படியிலிருந்து கிராமுக்கு

அலகுக் குழப்பம் இன்று புதிதாக வந்ததன்று. உங்கள் தாத்தா காலத்தில் அரிசியைப் படியாலும், புளியையும் மிளகாயையும் வீசையாலும் பலத்தாலும் அளந்தார்கள். ஓர் ஊர்ப் படி இன்னோர் ஊர்ப் படியோடு ஒத்துப்போகாது. ஊர் மாறி வாங்குபவர் விலையை ஒப்பிட வழியில்லை. 1956இல் எடை அளவைச் சட்டம் நிறைவேறியது. 1958 அக்டோபர் முதல் மெட்ரிக் முறை படிப்படியாக நடைமுறைக்கு வந்தது. நாடு முழுவதும் ஒரே கிலோ என்ற நிலை அதனால்தான் உண்டாயிற்று.

இப்போது 2009ஆம் ஆண்டின் சட்டமுறை எடையளவுச் சட்டமும், உறையிட்ட பொருள்களுக்கான 2011ஆம் ஆண்டு விதிகளும் உள்ளன. உறைமேல் அச்சிட வேண்டிய விவரங்களில் பெரும்பாலானவற்றை இணைய அங்காடியும் தன் பக்கத்தில் காட்ட வேண்டும் என்பது 2018 ஜனவரி முதல் கட்டாயம். 2021 நவம்பரில் அறிவிக்கப்பட்ட திருத்தம் இரண்டு மாற்றங்களைச் செய்தது. இன்னின்ன பொருளை 100, 200, 500 கிராம் போன்ற அளவுகளில்தான் கட்ட வேண்டும் என்றிருந்த பழைய கட்டுப்பாடு நீங்கியது. அதற்கு ஈடாக, உறைமேல் அலகு விலையை அச்சிட வேண்டும் என்ற விதி சேர்ந்தது. ஒரு கிலோவுக்குக் குறைந்த உறையில் கிராமுக்கு இவ்வளவு என்றும், கிலோவுக்கு மேற்பட்ட உறையில் கிலோவுக்கு இவ்வளவு என்றும் போட வேண்டும்.

நல்ல விதிதான். ஆனால் கவனமாகப் படிக்க வேண்டும். 250 கிராம் பருப்பு 71 ரூபாய் என்று கொள்வோம். கிராமுக்கு 0.284 ரூபாய். அதை இரண்டு தசம இடங்களுக்குச் சுருக்கி 0.28 என்று அச்சிடுவார்கள். அதை 1000ஆல் பெருக்கினால் கிலோ 280 ரூபாய் என்று வரும். உண்மையில் அது 284 ரூபாய். சிறிய எண்ணைச் சுருக்கிவிட்டுப் பெரிய எண்ணால் பெருக்கினால் பிழையும் சேர்ந்து பெருகும். செய்முறை வகுப்பில் ஆசிரியர் இதைத்தானே சொல்கிறார்?

காற்றைச் சுமக்கும் பெட்டி

எல்லாப் பொருளையும் இணையத்தில் மலிவாக அனுப்ப முடியுமா? ஆயுத பூசைக்கு வாங்கும் பொரியை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு கிலோ பொரியை 30 செ.மீ. நீளம், 25 செ.மீ. அகலம், 20 செ.மீ. உயரமுள்ள பெட்டியில் அடைத்து அனுப்புவதாகக் கொள்வோம். பெட்டியின் பருமன் 15,000 கன செ.மீ. வண்டியில் இடம்தான் முதலில் தீரும், எடை அல்ல. ஆகவே கூரியர் நிறுவனங்கள் பருமனையும் எடையாக மாற்றிக் கணக்கிடுகின்றன. பல நிறுவனங்கள் கன சென்டிமீட்டரை 5,000ஆல் வகுத்து அதைக் கிலோவாகக் கொள்கின்றன. உண்மை எடை, இந்தப் பரும எடை இரண்டில் எது கூடுதலோ அதற்குத்தான் கட்டணம். நம் பொரிப் பெட்டிக்கு 3 கிலோவுக்கான கூலி கொடுக்க வேண்டும்! இரண்டு கிலோ கூலி பொரிக்கு இடையிலுள்ள காற்றுக்கு.

ஒரு கிலோ கருப்பட்டியை 15, 12, 10 செ.மீ. அளவுள்ள சிறு பெட்டியில் அடக்கிவிடலாம். அதன் பரும எடை 0.36 கிலோதான். ஆகவே உண்மை எடையான ஒரு கிலோவுக்கு மட்டும் கூலி. அடர்த்தி மிகுந்த, கெட்டுப்போகாத, விலை உயர்ந்த பொருள் தொலைவிலிருந்து வரலாம். பொரியை அடுத்த தெருவில் வாங்குவதே அறிவுடைமை.

கருப்பட்டி ஏன் மலிவாக இருக்க முடியாது?

பையன் பார்த்த கருப்பட்டியின் விலை சீனி விலையை ஒட்டி இருந்தது. "இது நல்ல மலிவு அல்லவா, சார்?" என்றான். இதற்கும் இயற்பியலையே கேட்டோம்.

ஒரு கிலோ கருப்பட்டிக்கு ஏறத்தாழ 9 லிட்டர் பதநீர் வேண்டும். அதில் சுமார் 8 கிலோ தண்ணீரை ஆவியாக்க வேண்டும். 9 கிலோ பதநீரை 30 பாகையிலிருந்து 100 பாகைக்குச் சூடாக்க ஏறத்தாழ 2,650 கிலோஜூல் தேவை. ஆவியாதலின் உள்ளுறை வெப்பம் கிலோவுக்கு 2,260 கிலோஜூல். 8 கிலோவுக்கு 18,080. இரண்டும் சேர்ந்து ஏறத்தாழ 20,700 கிலோஜூல். உலர்ந்த விறகு ஒரு கிலோ எரிந்தால் சுமார் 15,000 கிலோஜூல் வெப்பம் தரும். சாதாரண அடுப்பில் அதில் ஐந்தில் ஒரு பங்குதான் பாத்திரத்தைச் சேர்கிறது என்று கொண்டால் 3,000. ஆக, ஒரு கிலோ கருப்பட்டிக்கு 7 கிலோ விறகு!

விறகு மட்டுமா? உயர்ந்த பனையில் தினமும் ஏறி இறங்கிப் பாளை சீவும் ஒரு மனிதரின் உழைப்பு அதற்கு முன்னால் இருக்கிறது. பதநீர் ஆண்டு முழுவதும் கிடைப்பதும் இல்லை. உடன்குடிப் பனங்கருப்பட்டிக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்தப் பெயருக்கு மதிப்புக் கூடக்கூட, போலிக்கும் ஆசை கூடுகிறது. கருப்பட்டியில் சீனிப்பாகு கலப்பதைத் தென் மாவட்டங்களில் உணவுப் பாதுகாப்பு அதிகாரிகள் பலமுறை பிடித்திருக்கிறார்கள். விறகும் கூலியும் பதநீரும் சேர்ந்த அடக்க விலைக்கும் கீழே ஒரு பொருள் விற்கிறது என்றால், மலிவு என்று மகிழாதீர்கள். எது குறைந்திருக்கிறது என்று கேளுங்கள்.

இணையத்தில் முகர்ந்து பார்க்கவோ உடைத்துப் பார்க்கவோ முடியாது. ஆகவே எழுத்தைத்தான் பார்க்க வேண்டும். தயாரித்தவர் பெயர், முகவரி, உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 14 இலக்க உரிம எண், சேர்பொருள்களின் பட்டியல் ஆகிய நான்கும் தெளிவாக இருக்கின்றனவா என்று பாருங்கள். பையனும் அப்படித்தான் பார்த்தான். அவன் முதலில் கண்ட பொருளின் சேர்பொருள் பட்டியலில் சர்க்கரை என்ற சொல் சிறிய எழுத்தில் இருந்தது.

கணக்கில் வராத கணக்கு

எங்கள் பகுதியில் பிள்ளைகள் வெளியூரிலும் வெளிநாட்டிலும் இருக்க, தனியாக வாழும் முதியவர்கள் பலர். பத்துக் கிலோ அரிசிப் பையை மூன்றாம் மாடிக்கு, அதாவது 9 மீட்டர் உயரத்துக்குத் தூக்க வேண்டும். 10, 9.8, 9 மூன்றையும் பெருக்கினால் 882 ஜூல். ஒரு சிட்டிகை சர்க்கரையின் ஆற்றலே இதற்குப் போதும் என்று இயற்பியல் சொல்லும். ஆனால் எழுபது வயது முழங்காலைக் கேட்டால் வேறு பதில் வரும். அவர்களுக்கு வாசல்வரை வரும் 30 ரூபாய்ச் சேவை மலிவுதான்.

மறுபக்கமும் உண்டு. 2015 டிசம்பர் முதல் நாள் பெய்த பெருமழையில் தாம்பரத்தில் ஒரே நாளில் 49 சென்டிமீட்டர் பதிவாயிற்று. சாலை வெள்ளமாகி மின்சாரமும் கைப்பேசித் தொடர்பும் நின்றுபோனால் எந்த இணைய அங்காடியும் திறக்காது. அப்போது நம் தெருவுக்கென்று இருக்கும் சேமிப்பு, அண்ணாச்சி கடையின் அடுக்குகளில் உள்ள அரிசியும் பருப்பும் மெழுகுவத்தியும்தான். மாதக் கடைசியில் நோட்டில் எழுதிக்கொண்டு பொருள் தருபவரும் அவர்தான். இந்தச் சேவைக்கு அவர் தனிக் கட்டணம் போடுவதில்லை. ஆண்டு முழுவதும் நாம் வாங்கும் பொருளின் விலையில் அது அடங்கியிருக்கிறது. எல்லோரும் ஐந்து ரூபாய் மிச்சத்துக்காக அவரை விட்டுவிட்டால், மழை நாளில் அந்தக் கடை இருக்காது.

இதைக் கேட்டதும் பையன், "அப்படியானால் எதில்தான் வாங்குவது?" என்றான். எல்லாவற்றுக்கும் ஒரே விடை இல்லை. ஒவ்வொரு பொருளுக்கும் கணக்குப் போட்டால் விடை தானே வரும். அவன் நான்கு பத்திகள் கொண்ட ஓர் அட்டவணை போட்டான்: பொருள், கிராமில் எடை, எல்லாக் கட்டணமும் சேர்ந்த விலை, கிலோ விலை. முடிவில் எண்ணெயைச் செக்குக் கடையிலேயே ஒரு கிலோ வாங்கினார்கள். கருப்பட்டியை இணையத்தில், சேர்பொருள் பட்டியலில் பதநீர் மட்டுமே உள்ள வேறொரு தயாரிப்பாளரிடம் வாங்கினார்கள். அதற்கு அவன் முதலில் பார்த்ததைவிட விலை கூடுதல்தான். பாட்டி ஒரு துண்டை வாயில் போட்டுக்கொண்டு, "இதுதான் எங்க ஊர் ருசி" என்றாராம். பாட்டியின் நாக்கை ஆய்வுக்கூடச் சான்றாகக் கொள்ள முடியாது. ஆனால் பாட்டி இரண்டாவது துண்டையும் கேட்டது உண்மை.

நீங்களும் செய்து பாருங்கள்

வீட்டுக்கு ஒரு லிட்டர் எண்ணெய் உறை வாங்கும்போது, பிரிக்குமுன் தராசில் நிறுத்துக் குறித்துக்கொள்ளுங்கள். எண்ணெயை வடித்தபின் வெற்று உறையையும் நிறுத்துக் கழியுங்கள். கிடைக்கும் கிராமை 1000ஆல் வகுத்தால் அந்த எண்ணெயின் அடர்த்தி தோராயமாகக் கிடைக்கும். உறைமேல் அச்சிட்ட எடையோடு ஒப்பிடுங்கள்.

இரண்டு மூன்று கிராம் குறைந்தால் உடனே கடைக்காரரோடு சண்டைக்குப் போய்விடாதீர்கள். எந்த அளவீட்டிலும் பிழை உண்டு. 500 கிராமுக்கு மேல் ஒரு கிலோ வரையுள்ள உறைக்கு 15 கிராம் வரை விதிகளே இடம் தருகின்றன. ஆனால் பல உறைகளின் சராசரி குறையக்கூடாது. ஆகவே வகுப்பு நண்பர்கள் பத்துப் பேர் ஒரே வகை உறையை அவரவர் வீட்டில் நிறுத்துச் சராசரி எடுங்கள். சராசரியே குறைந்தால் அப்போது கேள்வி கேட்கலாம். தமிழ்நாட்டில் எடையளவுச் சட்டத்தைச் செயல்படுத்துவது தொழிலாளர் துறை.

அடுத்த முறை யாராவது, "அங்கே மலிவு" என்று சொன்னால், "எவ்வளவுக்கு? எந்த அலகில்? எல்லாக் கட்டணமும் சேர்ந்தா?" என்று மூன்று கேள்வி கேளுங்கள். அலகு சொல்லாத விலை, அலகு எழுதாத விடையைப் போன்றது. தேர்வில் அதற்கு மதிப்பெண் போகும். கடையில் அம்மாவின் பணம் போகும்.